அம்மா எடுத்த தாடி

எங்கள் அப்பாவுக்கு ஒரு காலத்தில் சிவப்புத் தாடி இருந்தது. சாயம் போட்டதில்லை. வேலை செய்த இடத்தில் ஒட்டியது.

ஒரகடத்தில் பிளாஸ்டிக்குக்கு நிறம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவர் பவுடர் ரூமில் இருந்தார். நிறம் அங்கே மூட்டையில் மாவாக வரும். மூட்டையைக் கிழித்து, மாவை நிறுத்து, மிக்சரில் கொட்ட வேண்டும். பிறகு அது பிளாஸ்டிக்கோடு உருகிச் சின்னச் சின்ன மணியாக வெளியே வரும். அந்த மணியை மற்ற கம்பெனிக்காரர்கள் வாங்கிப் போய்ப் பக்கெட் செய்வார்கள், நாற்காலி செய்வார்கள், காருக்குள் இருக்கிற சாமான்கள் செய்வார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். உலகத்தில் இருக்கிற நிறமெல்லாம் அந்த ஒரு ரூமிலிருந்துதான் வருகிறது என்று நம்பியிருந்தேன். அப்பாவும் அதை மறுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் படப்பை போகும்போது டீக்கடை நாற்காலியைக் காட்டி, "இது நம்முளுதா?" என்று கேட்பேன். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்பார். அது போதும் எனக்கு.

பள்ளிக்கூடத்தில் சாம்பார் ஊற்றுகிற வாளி சிவப்பு. அது எங்கள் அப்பா நிறம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"உங்கப்பா பேரு எழுதிக்கீதா?" என்றான் ஒரு பையன்.

"பேரு எதுக்கு? பாத்தாலே தெரியும்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. பெருமையாகச் சொல்கிறவர்களை யாரும் ரொம்ப நேரம் சந்தேகப்படுவதில்லை.

அந்த ரூமில் முதல் மூட்டையைக் கிழித்தவர் அப்பா. கம்பெனி ஆரம்பித்த காலத்தில் மாஸ்க் கிடையாது. துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கொட்டுவார்களாம். கொட்டினால் போகிப் புகை மாதிரி எழும்புமாம். பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாதாம். சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடியும் எழும்புமாம். யந்திரத்தில் படிந்ததை ஏர் பைப்பால் ஊதித் தள்ளுவார்களாம். ஊதியது எங்கே போகும்? ஊதினவன் மூக்குக்குத்தான்.

பிறகு ஒரு சேஃப்டி மேடம் வந்தார். சின்ன வயசுக்காரர். வந்ததும் துடைப்பத்தை எடுத்து வெளியே போட்டார். ஏர் பைப்பைப் பிடுங்கினார். மூட்டை கிழிக்கிற இடத்துக்கு மேலே தூசியை உறிஞ்சுகிற குழாய் வந்தது. மூட்டையை உயரத்தில் தூக்கிக் கவிழ்க்கக் கூடாது, வாயைத் தாழ்த்தி மெல்லச் சரிக்க வேண்டும். தரையைச் சுத்தம் செய்ய உறிஞ்சுகிற மெஷின். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, துணியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்க். காகிதத்தில் செய்தது இல்லை. ரப்பர். இரண்டு கன்னத்திலும் வட்டவட்டமாக, காற்றை வடிகட்டுகிற இரண்டு டப்பா.

மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அப்பா முணுமுணுக்கவில்லை. அவருக்கு அந்த மாஸ்க் பிடித்துப்போனது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் போடக் கற்றுத்தருகிற வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். ஒருநாள் கழித்துப்போட்ட பழைய மாஸ்க் ஒன்றைக் கழுவி எடுத்து வந்து வீட்டில் எங்களுக்குக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் கைய வெச்சு மூடு. இப்ப மூச்ச இழு."

இழுத்தேன். தாடைக்குக் கீழேயிருந்து சில்லென்று காற்று வந்தது.

"உனுக்குப் பெருசு. குடு."

அவர் போட்டுக்கொண்டு உள்ளங்கையால் மூடி இழுத்தார். ரப்பர் முகத்தோடு உள்வாங்கியது. கன்னம் ஒட்டியது. கண் பெரிதாயிற்று. நான் சிரித்தேன்.

"பாத்தியா? ஒட்டிக்கிச்சு. ஒட்டிக்கிச்சுன்னா ஒரு பொட்டுகூட உள்ள வராது" என்றார். காளை மாட்டை அடக்கினவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

அதற்குக் கொஞ்ச நாளில் அம்மா முழுகாமல் இருந்தாள். அம்மாவும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள்தான். தெரிந்த அன்றே நின்றுகொண்டாள். அவளைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. வந்து இறங்கியதும் அம்மா கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா குடம் தூக்கவே இல்லை. அத்தை கெட்டவள் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் முகம் மழிக்க மாட்டான். முடி வெட்ட மாட்டான். தேங்காய் உடைக்க மாட்டான். பாடை தூக்க மாட்டான். வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது என்பார்கள். ஏன் ஆகாது என்று யாரும் கேட்டதில்லை. தெருவில் ஒருவன் தாடியோடு போனால், ஒன்று காதல் தோல்வி, இல்லையென்றால் வீட்டில் விசேஷம்.

எனக்குப் பிறகு அம்மா வயிற்றில் ஒன்று வந்து நிற்கவில்லை. அப்போதுதான் அப்பா கம்பெனியில் சேர்ந்த சமயம். ஐடி கார்டு போட்டோவுக்கு முகம் மழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். சலூனில் போய் எடுத்துவிட்டார். அடுத்த மாதம் அது போய்விட்டது. அந்த அட்டையில் அப்பா முகம் பளபளவென்று இருக்கும். அத்தை அந்த அட்டையைக் கையால் தொட மாட்டாள். அது ஆணியில் மாட்டியிருந்தால், அந்தச் சுவர்ப் பக்கம் கூட்ட மாட்டாள்.

அதனால் இந்தத் தடவை அப்பாவின் தாடியைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. அது வளர்ந்தது.

தாடி வளர வளர மாஸ்க் ஒட்டவில்லை. ரப்பருக்கும் தோலுக்கும் நடுவில் முடி. அதன் வழியாகக் காற்று போகும். காற்று போகிற வழியில் பவுடரும் போகும். அப்பா வாரை இறுக்கிப் பார்த்தார். பிடரியில் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். பிறகு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தேங்காய் எண்ணெயைக் கைநிறைய எடுத்துத் தாடியில் தேய்த்து, முடியைத் தோலோடு படியவைத்து, அதன்மேல் மாஸ்க்கைப் போட்டார். மூச்சை இழுத்துப் பார்த்தால் ஒட்டுகிற மாதிரிதான் இருந்ததாம். வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுக் கூடையில் சின்னப் பாட்டிலில் எண்ணெய் போகும். அத்தைதான் நிரப்பிக் கொடுப்பாள். முடி நன்றாக வளரட்டும் என்பதற்காக எடுத்துப் போகிறான் என்று அவளுக்கு நினைப்பு.

எண்ணெய் ஒட்டவைக்கும்தான். மாஸ்க்கை மட்டும் இல்லை. அந்த மாதங்களில் கம்பெனியில் சிவப்பு ஆர்டர் நிறைய. அங்கே குளித்து, சோப்புப் போட்டுத் தேய்த்தும் தாடியிலிருந்து சிவப்பு போகவில்லை. சாயங்காலம் அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துவந்தால் வெயிலில் தாடி பழுத்த மிளகாய் மாதிரி தெரியும்.

"இன்னா நைனா, மருதாணியா?" என்பார்கள் டீக்கடையில்.

"ஆமா, உனுக்கும் வேணுமா?" என்பார் அப்பா.

எனக்கு அப்படி ஒரு பெருமை. தெருவில் தாடிக்காரர்கள் உண்டு. சிவப்புத் தாடிக்காரர் உண்டா? பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது அப்பா முகத்தில் பாதிக்குச் சிவப்பு அடித்தேன். டீச்சர், தாடி கறுப்பாகத்தானே இருக்கும் என்றார். எங்கள் அப்பாவுடையது சிவப்பு என்றேன். டீச்சர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், சரி என்று போட்டுவிட்டார்.

கம்பெனியில் சூப்பர்வைசர் இதைப் பார்க்காமல் இருந்ததில்லை. அவரும் பிள்ளை பெற்றவர். அவரும் ஒரு காலத்தில் தாடியோடு திரிந்தவர். அதனால் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசுகிறதை விட்டுவிட்டு, சட்டைப் பட்டனைப் பார்த்துப் பேசுவாராம். அந்த மரியாதை எத்தனை நாளைக்கு? மேடம் ஒருநாள் எல்லோருக்கும் மாஸ்க் சோதனை வைத்தார்.

இதையெல்லாம் சொன்னது மாடி அண்ணன். எங்கள் வீட்டில் மேலே ஒரு ரூம் உண்டு. அதில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் வாடகைக்கு இருந்தார். அப்பாவோடு அதே பவுடர் ரூமில் வேலை. சாயங்காலம் கொஞ்சம் குழம்பு வாங்கிக்கொள்ளக் கிண்ணத்தோடு கீழே வருவார். வந்தால் பேசாமல் போக மாட்டார். அவருக்கும் தாடி இருந்தது. சினிமாக்காரன் மாதிரி ஓரம் கத்தரித்து வைத்திருந்தார். சோதனைக்கு முதல்நாள் மேடம் அதை எடுக்கச் சொல்லிவிட்டார்.

"ஊருக்குப் போயிருந்தேன் மதினி. எங்கம்மை வாசல்ல நிக்கா. என்னப் பாத்துட்டு, யாரு வேணும் தம்பிங்கா."

அம்மா சிரித்தாள். பின்பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை தெருக்குழாயடியில் இருந்தாள்.

"சோதனன்னா இன்னா பண்ணுவாங்க?" என்றாள் அம்மா.

"மாஸ்க்கப் போட்டுக்கிட்டு நிக்கணும். தலைக்கு மேல ஒரு பையக் கவுத்துவாவ. அதுல ஒரு ஓட்டை. அது வழியா கசப்பு மருந்தப் புகையாட்டம் அடிப்பாவ. தலைய ஆட்டணும், குனியணும், பேசணும். மாஸ்க் சரியா ஒட்டியிருந்தா ஒண்ணும் தெரியாது. ஒட்டலைன்னா நாக்குல கசக்கும். கசந்தா கைய தூக்கிரணும்."

"கைய தூக்கினா?"

"தாடிய எடு. இல்லன்னா பவுடர் ரூம விட்டு லோடிங்குக்குப் போ."

லோடிங்குக்குப் போனவர் யாரும் திரும்பிப் பவுடர் ரூமுக்கு வந்ததில்லை. அது அம்மாவுக்கும் தெரியும். அங்கே காண்ட்ராக்ட் ஆட்கள். இன்று இருப்பார்கள், நாளைக்கு இருக்க மாட்டார்கள்.

"இவருக்கு?"

அண்ணன் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணனுக்கு மேடம் வேணாம்னுதான் சொன்னாவ. தாடியோட எதுக்குச் சோதனன்னு. சூப்பர்வைசர் சார்தான், ஒரு தடவ பாத்துருங்கம்மான்னாரு. அடிச்சாவ. அண்ணன் கைய தூக்கல. கசக்கலன்னுட்டாரு."

"கசக்கல இல்ல. அப்புறம் இன்னா?"

"மதினி, நான் எதுத்தாப்புல நிக்கேன். அவரு கண்ணுல தண்ணி ஊத்துது. முழுங்குதாரு, முழுங்குதாரு. எனக்கு மொதல்ல மாஸ்க் இல்லாம அடிச்சுக் காட்டுனப்ப இப்படித்தான் இருந்துச்சு. அண்ணன் பொய் சொல்லுதாரு மதினி. நான் சொன்னேன்னு சொல்லிராதீய. அந்தச் செவப்புல என்னென்னமோ கெடக்காம். வயித்துப்பிள்ளைக்காரி இருக்க வீட்டுக்குக் கொண்டு போயிராதீங்கன்னு மேடம் படிச்சுப் படிச்சுச் சொல்லுதாவ."

அம்மா கீரையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். கூட ஒரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் துணி ஊறவைக்கும்போது அம்மா இரண்டு துணியைத் தனியாக எடுத்தாள். ஒன்று அப்பாவின் தலையணை உறை. கன்னம் படுகிற இடத்தில் சிவப்பாக வட்டம். அம்மாவின் தலையணை அதை ஒட்டித்தான் கிடக்கும். இன்னொன்று கைக்குட்டை. அதை விரித்துப் பார்த்தாள். நடுவில் சிவப்பு. நான் அழகாக இருக்கிறது என்றேன். பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

"இது தாடிலேர்ந்து வந்ததில்ல. மூக்குலேர்ந்து வந்தது" என்றாள் அம்மா. என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"கசந்துச்சா?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"மேல இருக்கறவன் சொன்னானா?"

"கசந்துச்சான்னு கேட்டேன்."

அப்பா சிரித்தார். "வேப்பங்கொழுந்த அரைச்சுத் தொண்டைல ஊத்தின மாதிரி கீது. இன்னா பண்ணச் சொல்ற? கைய தூக்கினா லோடிங்கு. அந்த ரூமு நான் தொறந்த ரூமு."

"தாடிய எடு."

"எடுக்கவா? சொல்லு. நீ சொல்லு, எடுக்கறேன்."

அம்மாவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. அப்பா அதைப் பார்த்தார்.

"பொறக்கட்டும். அதுவரைக்கும் ஓட்டிடலாம்" என்றார். பிறகு இருமினார். புரையேறியது என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அத்தை மறைமலை நகருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனாள். விசேஷ வீட்டுக்காரி போகக் கூடாது, தாடிக்காரனும் வேண்டாம், நான் ஒருத்தி தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று போனாள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். கடையில் போய் ஷேவிங் ரேசரும் பிளேடும் வாங்கி வரச் சொன்னாள்.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"அப்பாவுக்கு."

"உங்கப்பன் வாங்கச் சொன்னானா?"

"அம்மா சொல்லிச்சு."

கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். மிட்டாய் வேண்டுமா என்று கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பார்.

அப்பா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். அம்மா சொம்பில் தண்ணீரும் சோப்பும் கத்தரிக்கோலும் கொண்டுவந்து வைத்தாள். ரேசரைப் பிரித்தாள்.

"இன்னாடி இது?"

"கம்முனு குந்து மாமா."

"அக்கா வந்தா கொன்னுடும்."

"வர்ட்டும்."

என்னைப் பார்த்து, "நீ கண்ணாடிய எட்த்தாந்து புடி. அங்க இங்க ஓடாத. நல்லா பாத்துகினு இரு" என்றாள்.

அம்மா என்னை ஒரு வேலைக்கு வைத்துக்கொண்டாள் என்பதில் எனக்கு நிமிர்ச்சி. இரண்டு கையாலும் பிடித்தேன்.

கத்தரிக்கோல் தாடிக்குப் போனபோது அப்பா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பலமாகத்தான் பிடித்தார். வளையல் நெளிந்தது.

"வேணாம். போன தடவ..."

"போன தடவ நீ எடுத்த. இந்தத் தடவ நான் எடுக்கறேன். கைய எடு."

எடுத்தார்.

நீளமானதைக் கத்தரித்தாள். கீழே விரித்த பேப்பரில் சிவப்புச் சிவப்பாக விழுந்தது. பிறகு சோப்பு நுரைத்துத் தடவினாள். அம்மா அதற்கு முன்னால் யாருக்கும் மழித்ததில்லை. மெதுவாக, தோலை விரலால் இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழே இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ரேசரைச் சொம்பில் அலசினாள். தண்ணீர் சிவந்தது. ரத்தம் என்று பயந்துவிட்டேன். எட்டிப் பார்த்தேன். வெட்டு இல்லை. அத்தனையும் பவுடர். அம்மா தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி வேறு பிடித்து வரச் சொன்னாள். அதுவும் சிவந்தது.

தாடைக்கு அடியில் வரும்போது அப்பா கையைத் தூக்கித் தடவிப் பார்க்கப் போனார்.

"தொடாத."

"அங்க சுழி கீது. நானே எடுத்துக்கறேன், குடு."

"சொன்னேன்ல. நீ கை வெக்கக் கூடாது. தொடைக்கு அடில வெச்சுகினு குந்து."

அப்பா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சர் அதட்டின பையன் மாதிரி இருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. அவள் மேலுதட்டில் வேர்வை. வயிறு இடித்ததால் பக்கவாட்டில் நின்றுகொண்டு எடுத்தாள். இரண்டு இடத்தில்தான் கீறல். புது ஆளுக்கு அது மோசமில்லை.

முடிந்ததும் அப்பா முகம் பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. யாரோ மாதிரி இருந்தார். அம்மா பேப்பரை மடித்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். பிறகு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

அத்தை தாம்பூலப் பையோடு சாயங்காலம் வந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பை கையிலிருந்து இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"ஏண்டா?" என்றாள்.

"நான்தான் எடுத்தேன் அண்ணி" என்றாள் அம்மா.

"அவன் எடுத்துட்டு உன்னச் சொல்ல வெக்கறானா?"

"இவள கேளு. கூடவே நின்னா" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

எனக்கு வாய்ப்பு வந்தது. கத்தரிக்கோலிலிருந்து ஆரம்பித்துச் சொம்புத் தண்ணீர் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா தொடப் போனதையும், அம்மா அதட்டியதையும், தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததையும் செய்தே காட்டினேன். "அப்பா தொடவே இல்ல அத்த. அம்மாவே எல்லாத்தையும் எடுத்துச்சு. ரெண்டே ரெண்டு கீறல்தான்."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்னக் கேளு. அவரக் கேக்காத."

"ஊரு கேக்கும்டி."

"கேக்கட்டும். நான் இங்கதான கீறேன்."

அத்தை எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றிலிருந்து அம்மாவோடு நேராகப் பேசவில்லை. ஆனால் வேளாவேளைக்குச் சோறு போட்டாள். கால் வீங்கினால் வெந்நீர் ஊற்றினாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அத்தை என்னிடம், "உங்கம்மாவ மாத்திர போட்டுக்கச் சொல்லு" என்பாள். நானும், "அம்மா, மாத்திர போட்டுக்குவியாம்" என்பேன்.

அப்பா திங்கட்கிழமை மழித்த முகத்தோடு கம்பெனிக்குப் போனார். மேடம் மறுபடியும் பையைக் கவிழ்த்துக் கசப்பை அடித்தாராம். தலையை ஆட்டச் சொன்னார், குனியச் சொன்னார், ஒன்று இரண்டு சொல்லச் சொன்னார். அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். மேடம் போதும் என்ற பிறகும் நிறுத்தவில்லையாம்.

சாயங்காலம் உள்ளே வரும்போதே சொன்னார்.

"கசக்கல."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நெசமா?"

"நெசமா. பொட்டுகூட இல்ல. அப்புறம் நானே மாஸ்க்க ஓரத்துல கொஞ்சம் தூக்கினேன். அப்பப்பா."

"எதுக்குத் தூக்கின?"

"இல்ல, மருந்து அடிக்கறாங்களா இல்லயான்னு பாத்தேன்."

அம்மா சிரித்துவிட்டாள். மழித்த முகத்தைப் பார்த்து அவள் சிரித்தது அன்றுதான்.

மாடி அண்ணன், "அண்ணன் பத்து வயசு கொறஞ்சிட்டாவ, மதினி பாத்து" என்று சொல்லிவிட்டு, அத்தை வருகிற சத்தம் கேட்டுக் கிண்ணத்தோடு மேலே ஓடினார். அடுத்த வாரம் துவைக்கும்போது அம்மா கைக்குட்டையை விரித்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அப்பா அந்த ரூமிலேயே இருந்தார். இப்போதும் அதே கம்பெனிதான். புது ஆட்களுக்கு மாஸ்க் போடக் கற்றுத்தருகிறார். முழுகாமல் இருக்கிறவள் வீட்டுக்காரன் யாராவது தாடியோடு வந்தால் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரி என்ன செய்தாள் தெரியுமா என்று ஆரம்பிப்பாராம். எடுக்கிறவனும் உண்டு, வேறு செக்‌ஷன் கேட்டுப் போகிறவனும் உண்டு. பிள்ளை பிறந்ததும் அவர்களைப் பவுடர் ரூமுக்கே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பாவும் மேடமும் பேசி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பல வருஷம் அந்தப் பவுடருக்குள் நின்றும் அவர் நெஞ்சுப் படம் சுத்தமாக இருக்கிறது. அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

சிவப்புத் தாடி போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அதைவிடப் பெரிய சேதி கையில் இருந்தது. எந்த வீட்டில் அம்மா அப்பாவுக்கு மழித்துவிடுகிறாள்? பள்ளிக்கூடத்தில் சொன்னேன். குழாயடியில் சொன்னேன். கடைக்காரரிடம் சொன்னேன். "அப்பா கையே வெக்கல. எங்கம்மாதான்." கேட்ட பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஆச்சரியப்படுகிறார்கள் என்று நினைத்தேன். ஓர் அம்மாள் மட்டும் என் கன்னத்தைக் கிள்ளி, "போதும்டி, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறந்ததும் அவன் போட்ட சத்தம் வாசல் வரை கேட்டது. அத்தை அவனைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பசிக்குதாடி?" என்று நேராகவே கேட்டாள்.

ஆனால் அதற்கு முன்னால் ரொம்ப நேரம் ஆயிற்று. வலி எடுத்தும் பிள்ளை இறங்கவில்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில், இங்கே முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மத்தியானம். அப்பா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். மாஸ்க் அழுத்தின தடம் முகத்தில் அப்படியே இருந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வெளியே வருவார், எங்களைப் பார்க்காமல் போவார். அப்பா நிற்பார், உட்காருவார், வெறும் தாடையைத் தடவுவார்.

உள்ளேயிருந்து அம்மா கத்துகிற சத்தம் வந்தது. அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். அத்தை எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்தாள்.

"எது ஆனாலும் உன் மேல இல்லடா. நீ கை வெக்கல" என்றாள்.

அப்பா திரும்பவில்லை. தோள் குலுங்கியது.

அத்தைக்குக்கூட ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பலமாகச் சொன்னேன். "ஆமா. அப்பா தொடவே இல்ல. எல்லாம் எங்கம்மாதான்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் முகத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உள்ளே அம்மா மறுபடியும் கத்தினாள். இங்கே இல்லாத அம்மாவுக்காக நானாவது பேசினேனே என்று நினைத்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.